நான்கு பிளையரும் ஓர் அண்ணனும்

இன்று மாலை மெக்கானிக் வகுப்புக்கு எல்லோருக்கும் முந்திப் போய் நின்றேன். ஆர்வத்தால் அல்ல, பயத்தால். விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பு இது. பட்டறையில் பிரிந்து கிடப்பது என் அண்ணனுடைய வேனின் கியர்பாக்ஸ். "வெளியில எதுக்குக் குடுக்கணும்? எங்க வகுப்புலயே எண்ணெய் கசியுற ரப்பர் சீல மாத்திடலாம்" என்று வாய்க்கொழுப்பில் சொன்னவள் நான். இன்றைக்குள் அதை மூடாவிட்டால் பட்டறையோடு அதுவும் பூட்டிக்கிடக்கும், விடுமுறை முழுக்க அண்ணனால் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போட முடியாது.

"பரவாயில்ல. கூடைய நான் தலையில தூக்கிக்கிறேன், நீ முன்னாடி பாம் பாம்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே ஓடு" என்றான் அண்ணன். மேற்பார்வை பார்க்கிறேன் என்று அவனும் வந்திருந்தான். அண்ணி அவனைப் பட்டினி போட்டு இளைக்க வைத்துக்கொண்டிருப்பதால் வயிற்றிலிருந்து தனியாக ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

எல்லாம் கழன்றுவிட்டது, ஒரு வளையத்தைத் தவிர. டிரம் என்று சொல்லும் இரும்புக் கிண்ணத்தின் அடியில் ஸ்பிரிங்குகள், அவற்றின்மேல் ஒரு தட்டு, தட்டு எழும்பாமல் நடுத்தண்டின் பள்ளத்தில் இந்த லாக் வளையம். முழு வட்டம் இல்லை, ஓரிடத்தில் வாய் பிளந்திருக்கும். அந்த வாயை விரித்தால் வெளியே வந்துவிட வேண்டும். சீல் இருப்பது அதற்கும் கீழே.

மூன்று கருவியாவது முயன்று பார்க்காமல் யாரும் தன்னிடம் வரக் கூடாது என்பது டீச்சரின் சட்டம். அவர் பக்கத்து அறையில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். எனவே நான் பிளையர்களைத் துணியில் வரிசையாகப் பரப்பினேன். இரண்டின் வரிசையை மாற்றினேன். பிறகு பழையபடியே வைத்தேன்.

"மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கிறியா?" என்றான் அண்ணன்.

முதல் பிளையரின் முனை ஊசி போன்றது. வளையத்தில் ஓட்டை இருந்தால்தான் அது பிடிக்கும், இதில் ஓட்டையே இல்லை. இரண்டாவதை அழுத்தியபோது வளையத்தின் வாய் இன்னும் இறுக மூடிக்கொண்டது. அது விரிக்கிற பிளையர் அல்ல, சுருக்குகிற பிளையர் என்பது எனக்கு அழுத்திய பிறகே தெரிந்தது. மூன்றாவதன் முனை தட்டையானது, அழுத்தினால் விரியும். இதுதான் சரி என்று நினைத்தேன். வளையம் அசையவில்லை. அப்படியானால் இதுவும் தப்போ என்று நான்காவதை, அதே வகையில் பெரியதை, எடுத்தேன். அது வழுக்கி என் விரலைக் கடித்தது.

"வாயைத் திறங்க, ஆ... இன்னும் கொஞ்சம்" என்று வளையத்தைக் கெஞ்சினார் பல்லக்கா. பகலில் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர், மாலையில் என் மேசைக் கூட்டாளி.

"ஸ்குரூடிரைவரைக் குடு, ஒரே நெம்பு" என்றான் அண்ணன்.

"நெம்பினா பறந்து கண்ணுல அடிக்கும்ணா."

அந்தப் பயத்தில்தான், பக்கவாட்டில் ஜன்னல் வெட்டிய ஒரு தடித்த குழாயைத் தேடி எடுத்து, தரையிலிருந்த டிரம்முக்குள் வளையத்தைச் சுற்றித் தட்டின்மேல் நிறுத்தினேன். மேலே ஒரு பலகையையும் போட்டு மூடினேன். வளையம் பறந்தாலும் குழாய்க்குள்ளேயே பறக்கும், ஜன்னல் வழியாக நான் பிளையரை நுழைக்கலாம். இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அண்ணன், "நிக்க முடியல, பசி" என்று சொல்லி அந்தப் பலகைமேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

டிக் என்றது.

உடைந்தது என்னவென்று நான் குனிந்து பார்த்தேன். எதுவும் உடையவில்லை. அண்ணனின் கனத்தில் தட்டு ஓர் இழை கீழிறங்கி, வளையம் தண்டில் தொளதொளவென்று நின்றது. இத்தனை நேரமும் ஸ்பிரிங்குகள் கீழிருந்து வளையத்தை முட்டிக்கொண்டிருந்தன, நான் பிளையரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, எழுந்திருக்காதே! மூச்சுகூட மெதுவா விடு."

"ஏன், என்ன ஆச்சு?"

"நல்லது ஆச்சு. அப்படியே இரு."

மூன்றாவது பிளையரை எடுத்து ஜன்னல் வழியே நுழைத்தேன். வளையம் சொன்னபடி விரிந்தது. பள்ளத்தைப் பாதி தாண்டிய நேரத்தில் அண்ணனின் முகம் ஒரு மாதிரி கோணியது.

"தும்மல் வருது" என்றான்.

அவன் குலுங்கினால் ஸ்பிரிங் துள்ளும், வளையம் ஜன்னல் வழியே என் மூக்குக்கு வரும். நான் கையை எடுக்கவும் முடியாது. பல்லக்கா எட்டிப் பாய்ந்து அண்ணனின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, "ஒண்ணுமில்ல தம்பி, சின்ன வலிதான், முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்று ஆஸ்பத்திரிக் குரலில் தாலாட்டினார். அண்ணனின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து டீச்சர் உள்ளே வந்தார். டிரம்மைப் பார்த்தார். அதன்மேல் மூக்கு பிடிபட்ட நிலையில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தார்.

"இது யாரு?"

"ஸ்பிரிங் அமுக்குற பிரஸ், டீச்சர்" என்றேன்.

"எத்தனை கிலோ பிரஸ்?"

"அத மட்டும் கேக்காதீங்க டீச்சர்" என்றது பிரஸ், மூக்கால்.

டீச்சர் சிரிக்கவில்லை. முழங்காலிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "ம், எடு" என்றார். எடுத்தேன். வளையம் நெளியாமல் உடையாமல் என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அண்ணன் பலகையிலிருந்து அங்குலம் அங்குலமாக எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, பட்டறையே அதிரத் தும்மினான்.

புது சீலை எண்ணெய் தடவி மாட்டினேன். தலைகீழாக மாட்டிவிட்டேனோ என்று கழற்றிப் பார்த்தேன். சரியாகத்தான் மாட்டியிருந்தேன். திரும்ப மாட்டினேன்.

"அப்போ நான் கிளம்பலாமா?" என்றான் அண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே. அவன் கையில் அழுக்கே இல்லை.

"வளையத்தத் திரும்பப் போட வேண்டாமா? உக்காருணா."

உட்கார்ந்தான். தட்டு இறங்கியது. ஆனால் இழையளவு குறைந்தது, வளையம் பள்ளத்தின் விளிம்பிலேயே நின்றது. மூன்று பேரும் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தோம்.

"இப்பதான் தும்மி எடை குறைஞ்சிருக்கும்" என்றார் பல்லக்கா.

அவன் கையோடு கொண்டுவந்திருந்த ரொட்டிக் கூடையில் மிஞ்சியிருந்த பன்களை எடுத்து ஒவ்வொன்றாக நீட்டினேன். மூன்றாவது பன் பாதியில் இருக்கும்போது வளையம் டிக்கென்று பள்ளத்தில் இறங்கியது. பன்னால்தானா, அல்லது அதற்காக அவன் ஆசையோடு முன்னால் சாய்ந்ததாலா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

டீச்சர் மற்றவர்களைக் கூப்பிட்டு மீதியை மூடத் தொடங்கினார். வேன் காலையில் ஓடும்.

"அண்ணிகிட்ட பன் விஷயத்தச் சொல்லிடாதே" என்றான் அண்ணன், வாய் நிறைய.

"வேலை முடிஞ்சதும் கருவிக்கு எண்ணெய் போடணும்ணா, அது வகுப்புல சொல்லிக் குடுத்ததுதான்" என்று நான்காவது பன்னை நீட்டினேன்.