ஐந்து குமிழ்கள்

துணியை இன்னொரு முறை நனைத்துப் பிழிந்து, அந்தப் பச்சைப் பெட்டியை அக்கா அழுத்தித் துடைத்தாள். பாதிச் செங்கல் அளவுதான் இருக்கும். காலால் மிதிக்கிற சாமான் என்பதால் இடுக்கெல்லாம் அழுக்கு. மேலே ஐந்து குமிழ்கள், ஆளுக்கொரு திக்கைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஐந்தையும் கடைசி வரைக்கும் திருப்பி மூடினாள். முப்பது வருஷமாக அடுப்பை அப்படி மூடி மூடிப் பழகிய கை, யாரையும் கேட்காமல் தானே செய்துவிட்டது.

பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு பேஸ் கிட்டாரைத் தூக்கினாள். என்ன கனம்! நான்கு கம்பிகள், ஒவ்வொன்றும் துணி காயப்போடலாம் போலத் தடிமன். கம்பிகளுக்கு அடியில், வால் பக்கம், மஞ்சளாக ஏதோ ஒரு அழுக்குத் துண்டு செருகியிருந்தது. சீ என்று உருவிக் குப்பையில் போட்டாள். பத்து மணிக்குக் குப்பை வண்டி வந்து அதையும் கொண்டுபோயிற்று.

தம்பி இறந்து இன்னும் முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. நேற்று மதியம், இதே அறையில், இதே நாற்காலியில், இந்தக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டே போய்விட்டான். மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தேழு வயது. உடல் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு மண்டபத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து எடுக்கிறார்கள். இன்று சாயங்காலம் சொந்தக்காரர்கள் வந்து படுக்க இந்த அறைதான் இருக்கிறது. அதனால் துடைத்தாள். அவன் இருந்தபோதும் இந்த அறையை எரிச்சலோடுதான் துடைப்பாள், இன்றும் அப்படியே துடைத்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள்.

பதினொரு மணிக்கு ஒட்டடை வந்தான். தம்பியின் குழுவில் கிட்டார் வாசிப்பவன். கல்லூரி நாளிலேயே ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்து, குச்சி எப்போதோ உதிர்ந்துபோய் ஒட்டடை மட்டும் நின்றுவிட்டது. கண் வீங்கியிருந்தது. உட்காரக்கூட இல்லை.

"அக்கா, பெடல் எங்க?"

"அந்தப் பச்சப் பெட்டியா? தொடச்சு அலமாரில வெச்சிருக்கேன் பாரு."

"தொடச்சீங்களா?"

"அழுக்கு மூட்டையா இருந்துச்சுடா."

அவன் அதை எடுத்துப் பார்த்தான். குமிழ்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"இந்த நாபெல்லாம் எப்பிடி இருந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

"எல்லாத்தையும் மூடிட்டேன்."

"மூடிட்டீங்களா? இது என்ன காஸ் அடுப்பாக்கா!"

கத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அக்காவுக்குச் சுருக்கென்றது. செத்த வீட்டில் வந்து சத்தம் போடுகிறானே என்று ஒரு பக்கம். என்னவோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்று இன்னொரு பக்கம்.

"சொல்லித் தொலையேன், என்ன ஆச்சு?"

சொன்னான். குழுவின் கீபோர்டுக்காரர் ஆறு மாதத்துக்கு முன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். அவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்று, அவர் வாசிக்கிற தடித்த சின்தசைசர் ஒலியில்தான் தொடங்கும். அந்த ஒலியை பேஸ் கிட்டாரிலேயே கொண்டுவருகிறேன் என்று தம்பி இந்தப் பெட்டியை வாங்கினான். ஒரு மாதமாகத் திருகிக்கொண்டு கிடந்தான். குமிழ் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வேறு ஒலி. நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ஒட்டடையைக் கூப்பிட்டிருக்கிறான்.

"கெடச்சிடுச்சுடா, சாயங்காலம் வந்து கேளுன்னான். அதுவரைக்கும் மூச்சுகூட விடமாட்டேன், நாப் நகந்துடும்னு சிரிச்சான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு மண்டபத்துல அந்தப் பாட்ட வாசிச்சு அனுப்பலாம்னு இருந்தோம். நான் பேஸ் எடுத்துக்குறேன்னு சொன்னேன். செட்டிங் அப்பிடியே இருக்கும்னு நம்பி வந்தேன்."

"படம் கிடம் புடிச்சு வெக்கலியா?"

"புடிச்சிருப்பான். ஃபோனத் தொறக்கணுமே. அவன் நம்பர் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கைக்கடிகாரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த ஃபோனில், காலையிலேயே அவள் அவன் பிறந்தநாள், தன் பிறந்தநாள், வீட்டு எண் எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இப்போது அது கோபித்துக்கொண்டு நம்பரே கேட்பதில்லை.

"அந்தச் சத்தத்த யாருமே கேக்கலியே அக்கா," என்றான் ஒட்டடை.

"நான் கேட்டேன்," என்றாள்.

அவளுக்கு அதைக் கேட்காமல் இருக்க வழியா இருந்தது? இந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலைக்கு அவள் இரண்டு மணிக்குத்தான் போவாள். அதுவரை சமையல். அதுவரை இவனுடைய ஊங், ஓங், கர்ர். தாங்க முடியாதபோது கரண்டியால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவாள். உடனே அந்தப் பக்கம் தடித்த கம்பியில் ஒரே ஒரு அடி விழும்: டும். 'சரி தாயே' என்றும் எடுத்துக்கொள்ளலாம், 'போடி' என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு பத்து நிமிஷம் அடங்கியிருப்பான்.

ஒட்டடை ஒயரைச் செருகினான். கிட்டாரிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கு. ஒரு குமிழ் மொத்தச் சத்தத்துக்கு, ஒன்று கிட்டாரின் சொந்தக் குரலுக்கு, ஒன்று பெட்டியின் குரலுக்கு. நாலாவது அந்தக் குரல் எவ்வளவு வாயைத் திறக்கவேண்டும் என்பதற்கு. ஐந்தாவது, விரலின் அழுத்தத்தைப் பெட்டி எவ்வளவு மதிக்கவேண்டும் என்பதற்கு. எல்லாவற்றையும் பாதிக்குத் திருப்பி வாசித்தான். ஸ்பீக்கர் விக்கியது.

"இது மொத வாரம்," என்றாள் அக்கா.

"என்னது?"

"மொத வாரம் இப்பிடித்தான் விக்கிட்டுக் கெடந்துச்சு. மேல போ."

நாலாவதைத் திறந்தான். வாத்துக்குத் தொண்டை கட்டியதுபோல ஒரு சத்தம்.

"ஐயோ, இது வேணாம். இத மூணு நாள் வெச்சு என் உயிர வாங்கினான். அப்புறம் அவனே விட்டுட்டான்."

"இது?"

"இது கொசு. ரெண்டாவது வாரம்."

"இது?"

"இது மிக்ஸி. அன்னிக்குத்தான் நான் கரண்டிய ஒடச்சேன்."

ஒட்டடை அவளை நிமிர்ந்து பார்த்தான். ஒரு மாதக் கதையும் அவள் காதில் வரிசையாக இருந்தது. அவளுக்கே அது இப்போதுதான் தெரிந்தது.

"நேத்து எப்பிடி இருந்துச்சு? அதச் சொல்லுங்க."

"உருண்டையா இருந்துச்சு."

"உருண்டைன்னா?"

"உருண்டைன்னா உருண்டைதான். கொழந்த வாயத் தொறந்து மூடுற மாதிரி வாவ், வாவ்னு. ஆனா அடியில கனமா. ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்துச்சு, ஒண்ணு மேல ஒண்ணு விழல."

ஒட்டடை திருகினான். ஒரு மணி நேரம் திருகினான். வாவ் வந்தால் கனம் போயிற்று, கனம் வந்தால் விக்கல் திரும்பிற்று. ஒரு கம்பியை அடித்தால் பக்கத்துக் கம்பி சும்மா கிடக்காமல் கூடவே அதிர்ந்தது. இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டதும் பெட்டிக்கு எது யார் என்று புரியாமல் குளறியது. அவன் இடக்கையால் பொத்திப் பார்த்தான், விரலை மாற்றிப் பார்த்தான், கிட்டாரைத் திட்டிப் பார்த்தான்.

"இவன் எந்தக் கையால வாசிச்சான்னே தெரியலக்கா. எனக்குப் பத்து வெரலும் பத்தல."

அக்காவின் கணவர் வாசலில் வந்து நின்றார். காலையிலிருந்து மண்டபத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"துக்க வீட்டுல என்ன இது? ஊர் என்ன பேசும்?"

"ஊர் வந்து கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க நாற்காலிக்குச் சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன். இத பாரு, நாளைக்கு இருக்குற கூட்டத்துல யார் இதெல்லாம் கவனிக்கப்போறா? ஏதோ ஒரு சத்தம் வந்தாப் போதாதா?"

"ஏதோ ஒரு சத்தம் போதும்னா, அவன் எதுக்கு ஒரு மாசமா இங்க உக்காந்திருந்தான்?"

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். 'ஏதோ ஒரு சத்தம் போதாதா' என்று போன வாரம் தம்பியிடம் கேட்டவளே அவள்தான். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி வெளியே போனார்.

"கடைசியா எப்ப நிறுத்தினான்?" ஒட்டடை மெதுவாகக் கேட்டான். "அவனா நிறுத்தினானா?"

"ம். தானா நின்னுச்சு."

அது பொய். நேற்றுப் பன்னிரண்டு மணி வாக்கில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த உருண்டைச் சத்தம் வந்தது. பரவாயில்லையே என்று ஒரு நிமிஷம் கத்தியை நிறுத்திக் கேட்கக்கூடச் செய்தாள். ஆனாலும் அது திரும்பத் திரும்ப, திரும்பத் திரும்ப வந்ததில் பழைய எரிச்சல் மூண்டு, கரண்டியை எடுத்து மூன்று தட்டுத் தட்டினாள். சத்தம் நின்றது. டும் வரவில்லை. துரைக்கு ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. ஒரு மணி நேரம் நிம்மதியாகச் சமைத்துவிட்டு, சாப்பிடக் கூப்பிடத்தான் கதவைத் திறந்தாள். டாக்டரிடமும் கணவரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

"டீ போட்டுட்டு வரேன்," என்று எழுந்துபோனாள்.

அடுப்படித் தொட்டியில் காலைப் பாத்திரங்கள் கிடந்தன. டம்ளரைக் கழுவ ஸ்பாஞ்சை எடுத்தாள். மஞ்சள் ஸ்பாஞ்சு. ஒரு மூலை இல்லை. கத்தரியால் நேராக வெட்டிய வெட்டு. போன வாரம் இதற்காகக் கணவரைப் பிடித்து உலுக்கியிருந்தாள். 'நான் ஏன்மா ஸ்பாஞ்ச வெட்டப்போறேன்' என்று அவர் சத்தியம் செய்ததையும் நம்பவில்லை.

தண்ணீரைக்கூட மூடாமல் நின்றாள். அப்புறம் கத்தரியை எடுத்து இன்னொரு மூலையை அதே அளவுக்கு வெட்டினாள்.

"இதோ, இத வெச்சுப் பாரு."

"என்னக்கா இது?"

"கம்பிக்கு அடியில இருந்துச்சு. வால் பக்கம். அழுக்குன்னு நெனச்சு நான்தான் எடுத்துக் குப்பையில போட்டேன்." சொல்லும்போதே குரல் எகிறியது. "ஒரு வார்த்த சொல்லி வெச்சிருக்கலாம்ல! இது இன்னதுக்குன்னு! சொன்னாத்தானே தெரியும்? எல்லாத்தையும் தொடாத, தொடாதன்னா!"

ஒட்டடை ஸ்பாஞ்சுத் துண்டைக் கம்பிகளுக்கு அடியில் செருகினான். ஒரு கம்பியை அடித்தான். பக்கத்துக் கம்பிகள் வாயைத் திறக்கவில்லை. அடித்தது மட்டும் ஒலித்து, சுருக்கமாக முடிந்தது. பெட்டி முதல்முறையாகக் குளறாமல் பதில் சொன்னது.

"அட திருட்டுப் பயலே," என்றான், யாரையோ பார்த்துச் சொல்வதுபோல.

"இன்னும் இல்ல," என்றாள் அக்கா. "கிட்டத்துல இருக்கு. ஆனா இங்கருந்து கேட்டா எனக்குத் தெரியாது. நான் கேட்டதெல்லாம் அந்தப் பக்கம் நின்னுதான்."

அடுப்படிக்குப் போய், அறைக் கதவைச் சாத்தச் சொல்லி, சுவரோரம் நின்றாள். அவன் வாசித்தான். "வாய மூடு," என்று கத்தினாள். நாலாவது குமிழ் குறைந்தது. "அவ்வளவு வேணாம். கொஞ்சம் தொற. கனம் பத்தல." அவன் கிட்டாரின் சொந்தக் குரலை ஏற்றினான். "ஏத்து. ஏத்துடா. எறக்கு. ஒரு பொட்டு எறக்கு." அவன் எதையோ நகர்த்தி மறுபடி வாசித்தான்.

"அதான்," என்றாள். அந்தப் பக்கம் கேட்டிருக்காது. உரக்க இன்னொரு முறை சொன்னாள். "அதான்டா! கை வைக்காத!"

அவள் ஓடிவந்து பிளாஸ்திரியும் பேனாவும் கொடுக்க, ஒட்டடை ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் பிளாஸ்திரியை ஒட்டி, குமிழ் நிற்கிற இடத்தில் கோடு போட்டான். ஐந்து கோடுகள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் செய்தார்கள்.

"மொத பகுதிய முழுசா ஒரு தடவ வாசிச்சுப் பாக்குறேன் அக்கா."

"வாசி. எனக்குப் பாத்திரம் கெடக்கு."

கதவைச் சாத்திக்கொண்டான். அவள் தொட்டியருகே போய் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கியது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, உருண்டையாக, அடியில் கனத்தோடு வந்தது. நேற்று நறுக்கியதில் மிஞ்சிய காய் அப்படியே ஒரு தட்டில் வாடிக்கிடந்தது. ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது. மறுபடியும் வந்தது. அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எப்போது சுவர்ப் பக்கம் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கை தானாகப் போய் மூன்று தட்டுத் தட்டியது.

சத்தம் நின்றது.

கரண்டியைச் சுவரிலிருந்து எடுக்காமல் நின்றாள். நுனியிலிருந்து தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. அவள் காத்திருந்தாள்.

கதவு திறந்தது. ஒட்டடை தலையை நீட்டினான்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்காக்கா? கொறைக்கட்டுமா?"

அவள் சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள்.

"வேணாம். நீ நிறுத்தாத."

அவன் உள்ளே போனான். பாட்டு மறுபடி தொடங்கியது. அக்கா இரண்டு மூலை இல்லாத ஸ்பாஞ்சை எடுத்து, சோப்பில் தொட்டு, தட்டுகளைத் தேய்க்க ஆரம்பித்தாள்.