ஞானத்தகப்பன் கோர்டன்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. நாங்கள் குடியேறியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் பல் வைத்தியருக்காகக் காத்திருந்தபோது பக்கத்துக் கதிரைப் பெண் சொன்னது. எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்கோ. ஆனா என்ரை பேரை மாத்துங்கோ. வயதிலையும் பத்தைக் குறையுங்கோ."

பெயரை றெஜினா என்று மாற்றிவிட்டேன். வயது ஐம்பத்தெட்டுத்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஸ்கொட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்தின் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அந்தப் பாய்க்கப்பல்...'

(வேண்டாம். அபர்டீனை நானும் கண்டதில்லை, றெஜினாவும் கண்டதில்லை.)

நடந்தது இதுதான். மன்னாரில் றெஜினா வீட்டாருக்குக் குடும்பப் பெயர் கோர்டன். ஹியூ கோர்டன் என்ற ஸ்கொட்லாந்துத் துணி வியாபாரியின் வாரிசுகள் தாங்கள் என்று கலியாண வீடுகளில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்வார்கள். றெஜினா இரண்டு வருடம் கணினியில் கப்பல் பட்டியல்களையும் உயில்களையும் கிளறினார். வியாபாரி மன்னாரில் கலியாணம் செய்த பதிவு அகப்படவில்லை, அவருடைய வம்சத்தில் மிஞ்சிய கடைசி ஆள் அகப்பட்டார். ஸ்டெபனி கோர்டன், வயது எண்பத்தொன்று, இங்கிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில், ஸ்ரௌவ்வில்லில் தனியாக இருப்பவர். 'எனக்கு இனி ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்' என்று றெஜினாவின் கடிதத்துக்குப் பதில் எழுதினார். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகவும் சொன்னார்.

3

வெள்ளிக்கிழமை, மன்னார்க் கத்தோலிக்கக் கோயில் ஒன்றிலிருந்து, குடும்பத்தில் முதன்முதல் கோர்டன் என்ற பேரை வைத்துக்கொண்ட பூட்டனாரின் ஞானஸ்நானப் பதிவின் படம் வந்து சேர்ந்தது.

[இங்கே 'றெஜினாவின் இதயம் படபடத்தது' என்று எழுதி வெட்டிவிட்டேன். அவர் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தார்.]

கணவர் இக்னேசியஸ்தான் வாசித்தார். "தகப்பன் சூசை, மூட்டை சுமக்கிறவர். ஞானத்தகப்பன் ஹியூ கோர்டன்."

"ஞானத்தகப்பனோ? வடிவாப் பாருங்கோ."

"வடிவாத்தான் பாக்கிறன். மனுசன் ஞானஸ்நானத்திலை பிள்ளைக்குப் பொறுப்பா நிண்டு பேரை மட்டும்தான் தந்திருக்கிறார், இரத்தம் தரேல்லை." இக்னேசியஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கேட்டார்: "ஸ்டெபனிக்குச் சொல்லப்போறீரோ?"

றெஜினா தண்ணீர்க் குழாயை மூடினார். "சொன்னா அந்த மனுசி திரும்பவும் தனிச்சுப் போயிடும்."

4

முடிவு ஒன்று: றெஜினா மறைத்துவிடுகிறார், எல்லோரும் சந்தோசமாக...

(றெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் அப்பிடிப்பட்ட ஆளில்லை" என்று கோபித்துக்கொண்டார்.)

உண்மையில், ஞாயிறு சோறு போட்டதுமே றெஜினா அந்தப் படத்தை ஸ்டெபனிக்கு முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஸ்டெபனி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்தார். பிறகு, மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் வழக்கத்தில் ஞானத்தகப்பன் சொந்தக்காரரா, இல்லையா?"

இக்னேசியஸ் வாயைத் திறந்தார். றெஜினா மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தார்.

ஸ்டெபனி கரண்டியைப் பிடித்தபடி காத்திருக்கிறார். சோறு ஆறுகிறது. றெஜினா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.