நேர் தீயில் ஒரு சட்டி

என் அக்கா செய்யும் சட்டிகள் பார்க்க லட்சணமாக இருக்கும். அடுப்பில் ஏற்றினால்தான் வாயைப் பிளக்கும். சின்னத் தீயில், பயந்து பயந்து சமைக்கிற மண்சட்டி எந்தக் கடையிலும் கிடைக்கிறது. அவளுக்கு அது வேண்டாம். காஸை முழுதாகத் திறந்துவிட்டு, இரும்புச் சட்டியை வைப்பதுபோல மண்சட்டியை வைக்க வேண்டும் அவளுக்கு. அதற்காக ஆபீசில் நீண்ட லீவு போட்டுவிட்டு, களிமண்ணோடு ஏதேதோ கல்பொடியைக் கலந்து சுட்டுக்கொண்டிருந்தாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிவிட்டாள் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அன்று காலை சூளையிலிருந்து வந்த சட்டிதான் கடைசி வாய்ப்பு. வேலைக்குத் திரும்புகிறாளா இல்லையா என்று மதியத்துக்குள் சொல்லச் சொல்லி மேனேஜர் கெடு வைத்திருந்தார். இதுவும் விரிசல் விட்டால் அக்கா மறுபடி ஆபீஸ் நாற்காலிதான்.

அவள் கை கழுவப் போனாள். நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் திரும்புவதற்குள் அவள் கணவர், எங்கள் மாமா, தண்ணீர் ஊற்றிச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார்.

“ஃபுல்லா வச்சீங்களா?” என்றாள் அக்கா வந்ததும்.

“ஃபுல்லுதான்.”

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் கொதிக்க யுகம் ஆனது. ஆனாலும் கொதித்தது. போட்ட காய் வெந்து, சூப் தளதளவென்று பொங்கி வந்தது. சட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன், கையில் கத்தி இருப்பதை மறந்து. அந்தச் சூட்டோடு சூடாக மேனேஜருக்குப் போன் போட்டாள்.

“சார், நான் இனிமே வரலை. வேற ஆளப் போட்டுக்கோங்க.”

மாமாவின் முகம் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆனது. அக்கா துணியைப் பிடித்துச் சட்டியைத் தூக்கப் போனாள்.

“இப்ப தூக்காத, ஆறட்டும்” என்றார்.

அவள் தூக்கிவிட்டாள். பர்னர் மேல் வட்டமான இரும்புத் தகடு ஒன்று சிவந்து கிடந்தது. தீ சட்டியைத் தொடவே இல்லை.

“இது என்னங்க?”

“ஒவ்வொன்னா உடையறப்ப நீ படற பாட்டைப் பாத்தேன். இதாவது உடையாம இருக்கட்டுமேன்னுதான்.” குரல் உள்ளே போய்விட்டது. “நீ உடனே போன் பண்ணுவேன்னு நெனைக்கல.”

அந்த மனுஷனைத் திட்டவா, கும்பிடவா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையும் போச்சு, சட்டியும் நிச்சயமில்லை.

அக்கா சூப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். தகட்டை இடுக்கியால் எடுத்து ஸிங்க்கில் போட்டாள். வெறும் சட்டியை நேராகத் தீயில் வைத்து, காஸை முழுதாகத் திருப்பினாள். நீல நாக்குகள் சட்டியின் அடியை நக்கின. ஒட்டியிருந்த சூப் கருகிப் புகைந்தது. எனக்கு ஓடிவிடலாம் போலவும் இருந்தது, ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்க முடியாமலும் இருந்தது.

ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

“நீங்களே ஊத்துங்க.”

“என்னால முடியாதும்மா.”

“நீங்கதான் ஊத்தணும்.”

மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கவிழ்த்தார். சுர்ரென்று ஒரு சத்தம், அடுக்களை முழுக்க ஆவி. எதுவும் தெரியவில்லை. ‘டப்’ என்ற அந்தப் பாழாய்ப்போன சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. ஆவி விலகியது. சட்டி முழுசாக இருந்தது, தண்ணீர் அதற்குள் துள்ளிக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

மாமா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“உடைஞ்சிடுச்சா?”

அக்கா தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியை மறுபடி தீயில் வைத்தாள். அவர் கையில் அடுத்த பாட்டிலைத் திணித்தாள்.

“கண்ணைத் தொறந்து ஊத்துங்க.”