பக்கத்து அறையில் அழச் சொன்னார்கள்

ஒரே வாரத்தில் மூன்று மூக்குக்கண்ணாடிகள் கடைக்குத் திரும்பி வந்தன. போட்டுக்கொண்டால் தரை சரிகிறது, தலை வலிக்கிறது என்றார்கள் வாங்கியவர்கள். மூன்றும் அவள் தேய்த்த லென்ஸ்கள். பதினாறு வருடமாகக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸை அளந்து, விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்துகிறவள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, இப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தவறியது. கை நடுங்கியது. நடுக்கத்தை நிறுத்த மத்தியானமே ஒரு மடக்கு. அந்த மடக்கை மறைக்க ஏலக்காய்.

முதலாளியம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஏலக்காய் வாசம் அடிக்கிற கண்ணாடிக் கடை ஊர்லயே இது ஒண்ணுதான். போயி சரி பண்ணிக்கிட்டு வா. இன்னொண்ணு திரும்பி வந்தா நான் வாயால பேச மாட்டேன்."

விவாகரத்துக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தவன் தம்பி மட்டும்தான். பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். சோடா குடித்தாலே கண் கலங்குகிற ஆள். "கொஞ்சம் பிரச்சினைடா" என்று மட்டும் அவனிடம் சொன்னாள். ஏலக்காய் வாசத்திலேயே மீதியைப் புரிந்துகொண்டவன், டாக்டரிடம் அழைத்துப்போனான். நடுக்கத்துக்கு மாத்திரை எழுதிய டாக்டர், குடியை விடுகிறவர்கள் கூடும் இடங்கள் மூன்றைக் குறித்த ஒரு தாளும் கொடுத்தார். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் வெளிறிப்போன தாள்.

முதல் விலாசத்தில் மெத்தைக் கடை இருந்தது.

"அவங்க காலி பண்ணி நாலு வருஷமாச்சு. வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து கேக்குறாங்க" என்று சலித்துக்கொண்ட கடைக்காரர், தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "சின்ன வயசு. அக்காவை இப்படி அலைய விடாதப்பா. விட்டுடு."

இரண்டாவது, கூட்டம் நடத்துகிறவரின் ஃபோன் நம்பர் மட்டும். நான்கு நாள் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பெண் எடுத்தாள்.

"அவரா? கூட்டத்துக்கெல்லாம் போறதில்லைங்க. மறுபடி குடிக்க ஆரம்பிச்சிட்டாரு. உங்க வீட்டுக்காரருக்காகக் கேக்குறீங்களா? பாவம், பொறுமையா இருங்க."

"எனக்கு" என்று அவள் சொல்வதற்குள் லைன் துண்டானது.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டேங்குறான்டா" என்று ஃபோனைக் கட்டிலில் எறிந்தாள். "குடிக்கிறதுக்கு ஒரு நாளாவது இப்படி அலைஞ்சிருப்பேனா? அந்தச் சாராயக் கடை மட்டும் இருந்த இடத்துலயே இருக்கு!"

மூன்றாவது ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி. சனிக்கிழமை ஐந்து மணிக்கு இருவரும் படியேறினார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பார்த்ததுமே தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா தம்பி. வாசல் தாண்டினதே பாதி ஜெயிச்ச மாதிரி. ஏம்மா, குடும்பத்துக்காரங்களுக்குப் பக்கத்து அறை."

"சார், நான் இல்ல..."

"எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்வோம்" என்று அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். பெரியவர்களை மறித்துப் பேசத் தெரியாதவன், போனான்.

பக்கத்து அறையில் ஐந்து மனைவிகள் இருந்தார்கள். உட்காருவதற்கு முன்பே கையில் கைக்குட்டையைத் திணித்தார்கள்.

"அழும்மா. மனசு லேசாகும். எத்தனை வருஷமாக் குடிக்கிறாரு?"

"ஆறு வருஷம்."

"பாட்டிலை எங்க ஒளிச்சு வெப்பாரு?"

"வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி. சோப்புத்தூள் டப்பாவுக்குள்ள."

"அடேங்கப்பா! நாங்க பத்து வருஷமாத் தேடியும் கண்டுபிடிக்கல. இவ்வளவு கரெக்டாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே!"

அவள் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

ஆண்கள் அறையில் தம்பி, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தான். "மறைக்காமச் சொல்லு, எதுல ஆரம்பிச்சே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் வாத்தியார். "சோடா..." என்றான் அவன். எல்லோரும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள்.

"அவனை விடுங்க!" அவள் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. "அவனுக்கு ஒண்ணும் இல்ல. குடிக்கிறது நான். நான்தான்."

இந்த வார்த்தையை அவள் டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை. அங்கே தம்பிதான் பேசினான். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒரு பெயிண்டர் முனகினார். "பொம்பளை இருந்தா நாம எப்படி மனசு விட்டுப் பேசுறது?"

"எப்படிக் குடிச்சீங்களோ அப்படியே பேசுங்க. நான் கேட்டுக்குறேன்."

வாத்தியார் எழுந்து தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "மன்னிச்சிடும்மா. உக்காரு. நீ சொல்லு, நாங்க கேக்குறோம்."

அவள் சொன்னாள். நடுநடுவே கோபம் வந்தது, மெத்தைக்கடைக்காரரையும் திட்டினாள். யாரும் குறுக்கே பேசவில்லை.

அதன்பிறகு எல்லாம் நேராகிவிடவில்லை. ஐந்தாவது வாரம் குடித்துவிட்டாள். மறு சனிக்கிழமை தலை குனிந்துகொண்டு போய் அதையும் சொன்னாள். யாரும் அதிர்ச்சி அடையாதது அவளுக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதமாகத் தொடவில்லை. லென்ஸ்களும் திரும்பி வரவில்லை. ஆனால் கூட்டம் பொறுமையைச் சோதித்தது. பெயிண்டர் போதையில் ஏணியிலிருந்து விழுந்த கதையை வாராவாரம் சொன்னார். வாரத்துக்கு வாரம் ஏணி இரண்டடி உயர்ந்தது.

ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. ஐந்து பத்துக்கு முதலில் அவருக்கு ஃபோன் போட்டவள் அவள்தான்.

"எங்க இருக்கீங்க?"

வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"சாராயக் கடை வாசல்லதானே? அங்கேயே நில்லுங்க, உள்ள போகாதீங்க. நான் வர்றேன். அந்தப் பாழாப்போன ஏணிக் கதையை வழியிலயே கேட்டுக்குறேன்."

"சீக்கிரம் வாம்மா" என்றார் அவர்.

அவள் திட்டிக்கொண்டே படியிறங்கினாள்.