திருப்பிப் போட்ட சக்கரம்

1992 நவம்பர் வெள்ளத்தில் கிங்ஸ்லியோடு போன சைக்கிள், கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில் கிங்ஸ்லி இல்லாமல் சேரன்மகாதேவிக்குத் திரும்பி வந்தது. பின்சக்கரம் ஒரு அங்குலம்கூடச் சுற்றாமலே அதன் ஃப்ரீவீல் டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கோபாலசமுத்திரத்துக்குக் கீழே ஆற்றோரத் தாழம்புதரில் மாட்டிக் கிடந்ததை, ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பாரை வைத்து அடையாளம் கண்டு மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வண்டிக்காரன் வழியெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டு, உள்ளே ஏதோ பூச்சி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். கிங்ஸ்லியின் மனைவி இன்பமணி மணலைத் தட்டிக் கழுவினாள். பூச்சி எதுவும் வெளியே வரவில்லை, சத்தமும் நிற்கவில்லை.

கிங்ஸ்லி படப்பெட்டி சுமந்தவன். ஒரே படப்பெட்டியைச் சேரன்மகாதேவித் தியேட்டரும் வீரவநல்லூர்த் தியேட்டரும் பங்கு போட்டுக்கொள்ளும். இங்கே ஓடி முடிந்த பாதிச் சுருளை அவன் இடைவேளைக்குள் அங்கே சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் வீரவநல்லூர்க்காரர்கள் நாற்காலியை உடைப்பார்கள். அந்த வேகத்துக்காகத்தான், பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் எப்போதோ விட்டுப்போன பந்தய சைக்கிளைப் பழைய இரும்புக்காரனிடமிருந்து வாங்கியிருந்தான். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. ஞாயிறு ஆராதனைக்கு வராமல் சினிமாப் பெட்டி தூக்குகிறான் என்று சபையில் அவன்மேல் குறை இருந்தது. வெள்ளத்தன்றும் பெட்டியோடுதான் போனான். பெட்டியும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை.

ஃப்ரீவீல் என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி. வெளியே செயின் மாட்டுகிற பற்கள். உள்ளே இரண்டு சின்ன நாக்குகளும், அவற்றை நிமிர்த்தி வைக்க மயிரிழைக் கம்பிகளும். மிதிக்கும்போது நாக்குகள் உள்பல்லில் மாட்டிக்கொண்டு சக்கரத்தை இழுக்கும். அப்போது சத்தம் வராது. மிதிப்பதை நிறுத்தி வண்டியை அதன் போக்கில் விட்டால், நாக்குகள் ஒவ்வொரு பல்லாக ஏறி ஏறி விழும். அந்த விழுகைதான் டிக்டிக். ஆகவே அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு: ஒருவன் வண்டிமேல் உட்கார்ந்து, மிதிக்காமல், இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறான். வண்டியோ இன்பமணி வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த சேக் முகம்மது ஃப்ரீவீலைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டார். கழற்றியதுமே சத்தம் நின்றது. இன்பமணி சட்டென்று எழுந்து, "மாட்டுங்க பாய், மாட்டுங்க" என்றாள். மாட்டியதும் மறுபடி கேட்டது. வேறொரு சக்கரத்தில் மாட்டிப் பார்த்தார், ஊமை. அந்த ஃப்ரீவீல் அந்தச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் இருந்தால் மட்டுமே அடித்தது.

"உள்ள ஒண்ணும் அசையலை டீச்சர், ஆனா சத்தம் வருது" என்றார் அவர். "கிங்ஸ்லி எங்கனயோ ஓட்டிக்கிட்டு இருக்கான். எனக்குத் தெரிஞ்ச தொழிலுக்கு இதுக்கு மேல சொல்ல வராது."

இன்பமணி பத்தமடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பள்ளிக்கூடத்து மணிக்கும் பஸ்ஸுக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது. நேரம் தப்பினால் வேலை போய்விடும் நிலைமை. சைக்கிளைச் சரிசெய்து தானே ஓட்டுவதென்று முடிவெடுத்தாள். கையில் காசில்லாததால் அந்த வேலை ஒரு வருடம் இழுத்தது. துருவைப் புளி வைத்துத் தேய்த்தாள். இங்கிலீஷ் ரிம்முக்கு டயர் கிடைக்காது என்று தெரிந்ததும், சேக் முகம்மது ஹப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அவருடைய பழைய சாமான் குவியலில் கிடந்த ரிம்மைக் கோத்தார். பின் ஹப்பில் நாற்பது ஓட்டை, நம் ஊர் ரிம்மிலும் நாற்பது ஓட்டை என்பதால் கம்பிகள் கணக்காக உட்கார்ந்தன. கூலிக்குப் பதிலாக அவருடைய மகள்களுக்குப் பெருநாள் துணி இவள் தைத்துக் கொடுத்தாள். ஹேண்டில்பாருக்குப் பாவாடை நாடாவை இறுக்கிச் சுற்றினாள். புடவை கட்டி அந்த வண்டியில் ஏற முடியாது என்பதால் தனக்கும் ஒரு சுடிதார் தைத்துக்கொண்டாள். சபையில் சைக்கிளைவிடச் சுடிதாரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

1994 தையில் வண்டி ரோட்டில் இறங்கியது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. ஃப்ரீவீல் டிக்டிக்கென்று அடிக்கும் நேரத்தில் நாக்குகள் எதையும் பிடிப்பதில்லை. இவள் எவ்வளவு மிதித்தாலும் பெடல் சும்மா சுற்றியது. சத்தம் நின்றால், அதாவது கிங்ஸ்லி மிதிக்க ஆரம்பித்தால், இவள் மிதிப்பதும் சக்கரத்தில் ஏறியது. அவன் மிதிக்கும்போது மட்டுமே இவளால் போக முடிந்தது. மற்ற நேரத்தில் இறங்கி நிற்பாள். வழியில் டீக்கடை வைத்திருந்த கைலாசம் முதல் வாரமே கேட்டுவிட்டார்.

"என்ன டீச்சர், வண்டி போவ மாட்டேங்குதோ?"

"அவுக இறக்கத்துல இருக்காக. ஏத்தம் வந்ததும் போவும்."

"அப்போ பைய ஒரு டீயக் குடிங்க. கிங்ஸ்லி இருக்கும்போதும் நம்மள நிக்க வச்சவன்தானே."

அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் சத்தம் நிற்கும்; ஏறிப் போவாள். போகப்போக அவனுடைய ஏற்ற இறக்கங்கள் அவளுக்குப் பழகிவிட்டன. காலையில் நன்றாக மிதிப்பான், மத்தியானத்துக்கு மேல் சோம்பல். மழை நாட்களில் விடாமல் மிதிப்பான். பெட்டி நனைந்துவிடக் கூடாது என்ற அவசரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கிங்ஸ்லியின் அண்ணன் ஜேசுதாசன், பாளையங்கோட்டையில் ஆபீஸ் கிளார்க், மாதம் ஒருமுறை வந்து கல்லறைத் தோட்டத்தில் பெயருக்காவது ஒரு கல் வைப்போம் என்பார். "மிதிக்கிற மனுசனுக்கு எதுக்கு அத்தான் கல்லு?" என்று அவள் கேட்பாள். அவர் சைக்கிள் பக்கத்தில் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுவார்.

1995 ஈஸ்டருக்குப் பிறகு அவன் மிதிப்பது குறைந்தது. முதலில் காலையில் கொஞ்ச தூரம், பிறகு என்றைக்காவது ஒருநாள். ஆடியில் அடித்த டிக்டிக் ஆவணியிலும் நிற்கவில்லை. இன்பமணி வண்டியைப் பத்தமடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போய், தள்ளிக்கொண்டே வந்தாள். டீக்கடையில் வைத்த டீ ஆறியது, சத்தம் நிற்கவில்லை. கைலாசம் அதைக் கொட்டிவிட்டுக் கிளாஸைக் கழுவினார்.

ஜேசுதாசன் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு புது ஃப்ரீவீலை வாங்கிக்கொண்டு சேக் முகம்மது கடைக்கு வந்தார். இன்பமணியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே வந்திருந்தாள். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வண்டி ஓடும், அவளுக்கு வேலை மிஞ்சும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கழற்றினால் கிங்ஸ்லி நின்றுவிடுவான், அதிலும் சந்தேகமில்லை. மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம சில்லாவுல இம்புட்டு நீளமா இறக்கம் எங்கனவே இருக்கு?" என்று சேக் முகம்மது கேட்டார்.

"ஆத்தோட போனா புன்னக்காயல் வரைக்கும் இறக்கம்தான்."

"அதுக்கும் அங்கிட்டு?"

"கடலு. அதுக்குள்ளயும் இறக்கம்தானவே" என்று சொன்ன ஜேசுதாசன், அதோடு துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

இன்பமணி அழவில்லை. ஏற்றம் இல்லாத இடத்துக்கு அவன் போய்விட்டான் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. மற்றவர்கள் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். "கல்ல வைங்க அத்தான்" என்றாள். "ஆனா இதைக் கழத்த வேண்டாம்." வேலையும் போகக் கூடாது, சத்தமும் போகக் கூடாது. இரண்டுக்கும் ஒரே சக்கரம்தான் இருந்தது. வண்டியை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். புது ஃப்ரீவீல் காகிதம் பிரிக்காமல் கடையிலேயே கிடந்தது.

அந்த வாரம் வகுப்பில் அவள் பிள்ளைகளுக்குக் காலர் திருப்பச் சொல்லிக் கொடுத்தாள். சட்டைக் காலர் கழுத்துப் பட்டுப் பட்டு நைந்துபோகும். அதற்காகச் சட்டையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தையலைப் பிரித்துக் காலரை மட்டும் எடுத்து, திருப்பி வைத்துத் தைத்தால், இதுவரை மறைந்திருந்த புதுப்பக்கம் மேலே வரும். நைந்த பக்கம் எங்கும் போகாது, அடியில் அப்படியே இருக்கும். மாதிரிக்காக அவள் வைத்திருந்தது கிங்ஸ்லியின் சட்டை. காலரைக் கையில் வைத்துக்கொண்டு பாதிப் பேச்சில் நிறுத்தினாள். மணி அடித்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே கடைக்கு வந்தாள்.

"பாய், இந்த ஹப்புக்கு இடப்பக்கம் என்ன இருக்கு?"

சேக் முகம்மது இடப்பக்கத்து அழுக்கைத் துணியால் துடைத்தார். நம் ஊர் ஹப்பில் வலப்பக்கம் மட்டும்தான் ஃப்ரீவீல் மாட்ட மரை வெட்டியிருக்கும். பந்தயத்துக்குப் பழகியவர்களுக்காகச் செய்த அந்தப் பழைய ஹப்பில் இரண்டு பக்கமும் மரை இருந்தது. நாற்பது கம்பிகளைக் கோத்தவர் அவர்தான். அழுக்குக்கு அடியில் அதைப் பார்க்கத் தவறியிருந்தார்.

"ஒரு பழைய ஃப்ரீவீல் குடுங்க பாய். உள்ள செத்துப்போனது."

"செத்தது எதுக்கு? உங்க கொழுந்தர் வாங்கினது புத்தம் புதுசால்லா கெடக்கு?"

"அவரு கொழுந்தர் இல்ல பாய், அத்தான். புதுசை அவருட்டயே குடுத்துருங்க. அதுல மிதிக்காமலும் போவலாம்லா. எனக்கு இனிமே நிக்காம மிதிக்கணும்."

செத்த ஃப்ரீவீலைப் பட்டறைக்குக் கொண்டுபோய் நாலு இடத்தில் வெல்டிங் வைத்தார்கள். அதனால் உள்ளும் வெளியும் ஒன்றாகி வெறும் பல்சக்கரமானது. அதை ஹப்பின் இடப்பக்கம் மரையேற்றி, அது கழன்றுவராமல் வளையம் போட்டு இறுக்கி, பின்சக்கரத்தை அப்படியே திருப்பி மாட்டினார்கள். இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்தது. செயின் வெல்டிங் வைத்த பல்லில் உட்கார்ந்தது. கிங்ஸ்லியின் ஃப்ரீவீல் செயின் இல்லாமல் இடப்பக்கம் போனது. செயின் இல்லாத ஃப்ரீவீல் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். சத்தம் போட அதற்குக் காரணம் கிடையாது. இது போட்டது.

இப்படி வெல்டிங் வைத்த வண்டியில் ஒரு கஷ்டம் உண்டு. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். இறக்கத்திலும் காலை எடுக்க முடியாது, மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்பமணி அதற்கு ஒரு மாதத்தில் பழகிக்கொண்டாள். அவள் டீக்கடையைத் தாண்டும்போது கைலாசம் கையைத் தூக்குவார்; அவள் நிறுத்த மாட்டாள் என்று தெரியும் என்பதால் கூப்பிட மாட்டார். கல்லறைத் தோட்டத்தில் கல் வைத்தாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு அவள் நேரத்துக்குப் போகிறாள். வலப்பக்கம் அவள் மிதிக்கிறாள், இடப்பக்கம் அவன் மிதிக்காமல் வருகிறான். வண்டி ஓடுகிறது.