அளவு நோட்டு

பதினொரு மணிக்குள் அழுகிய வலது காலை வெட்டி எடுத்தாக வேண்டும், தாமதித்தால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். தையல்காரர் ஒப்புதல் படிவத்தைத் தொடவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள் அவர் மகள். காலையில் அப்பாவின் ரத்தத்தைச் சோதித்தவளும் அவள்தான். வெள்ளையணுக்கள் நேற்றைவிட இரண்டு மடங்கு.

"வெட்டுன காலை என்ன பண்ணுவாங்க?"

"எரிச்சிடுவாங்கப்பா."

"அப்போ கடைசி எக்காளம் ஊதும்போது செத்தவங்க எல்லாரும் கல்லறையிலேர்ந்து எழுந்து ஓடுவாங்க, நான் மட்டும் நொண்டியடிச்சுக்கிட்டுப் போகணுமா? முழுசா வந்தேன், முழுசாவே போறேன்."

"போறதுலயே குறியா இருக்கீங்களே பெரியவரே!" என்று நர்ஸ் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. மகளிடம் ஒரு கேள்வி இருந்தது. ஏழு வருஷமாக வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கேட்டால் அப்பா உடைந்துபோவார். மணி பத்தரை. டாக்டர் கதவருகே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்பா, தம்பி கடலோட போயிட்டான். நமக்கு ஒரு எலும்புகூடக் கிடைக்கல. அவன் எழுந்திருக்க மாட்டானா?"

அவர் வெடுக்கென்று திரும்பினார். அறைந்துவிடுவாரோ என்று பயந்தாள்.

"வாயைக் கழுவு! எழுந்திருப்பான்."

"எதை வச்சுப்பா?"

அவர் படுக்கை விரிப்பின் ஓரத் தையலை விரலால் தடவினார்.

"கடை தீப்பிடிச்சுதே, ஞாபகம் இருக்கா?" என்றார் கடைசியில். "தைக்க வந்த துணி அத்தனையும் சாம்பல்."

"அளவு நோட்டு வீட்டுல இருந்துச்சு."

"அதை வச்சுத்தானே புதுத்துணி எடுத்து எல்லாருக்கும் தைச்சேன். ஒருத்தருக்கும் இறுக்கவும் இல்ல, தொளதொளன்னு தொங்கவும் இல்ல. கர்த்தர்கிட்ட அவன் அளவு இருக்கும்தானே? அவர் தைக்கிறது கிழியாத துணி வேற."

"உங்க அளவும் இருக்கும்பா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். அவள் பேனாவைக் கொடுத்தாள். கையெழுத்து கோணலாக விழுந்தது.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது அவள் விரலைப் பிடித்து நிறுத்தினார்.

"எக்காளம் ஊதுற வரைக்கும் தையல் மிஷினை மிதிக்க முடியாது. அதுக்கு மாட்டுற மோட்டார் என்ன விலைன்னு விசாரிச்சு வை."