பத்தாவது கேள்வி

"அந்த ரயில் லைனைத் தாண்டறப்பெல்லாம் காலு நின்னுக்குதுங்க. இப்பிடியே நின்னுட்டா என்னன்னு தோணுது. நேத்துக்கூடத் தோணுச்சு. பாப்பா கையில இருந்துச்சு, அதனாலதான் வந்துட்டேன்."

என் மனைவி மகேஸ்வரி இதைத் தமிழில் சொன்னாள். டாக்குரியாவில் எங்கள் வார்டு சுகாதார மையத்தின் அந்தச் சின்ன அறையில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான். பாப்பாவுக்கு மூன்றரை மாதத் தடுப்பூசி போட்டு முடிந்திருந்தது. அழுது ஓய்ந்து அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எதிரே மேஜையில் சுதேஷ்ணாதி. ஐம்பது வயது சுகாதார ஊழியர். வார்டில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அக்காதான். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோரிடமும் இப்போது பத்துக் கேள்வி கேட்கிறார்களாம். சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, அழுகை வருகிறதா. அவர் பெங்காலியில் கேட்க, நான் தமிழில் கேட்டு, அவள் சொன்னதைப் பெங்காலியில் திருப்பிச் சொல்ல, அவர் கட்டத்தில் டிக் அடிப்பார். ஒன்பது கேள்வி இப்படிப் போயிற்று. "பாப்பா தூங்குனாக்கூட எனக்கு ஒறக்கம் வர மாட்டீங்குதுங்க" என்றாள். குழந்தை தூங்க விடுவதில்லை என்று நான் சொன்னேன். அதுவரைக்கும் எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை.

பத்தாவது, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா என்பது. "இது சும்மா ஃபார்முக்குக் கேக்கறாங்க" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பாப்பாவின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு அந்தப் பதிலைச் சொன்னாள்.

அறைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும்தான். திரைக்கு அந்தப் பக்கம் பேரனோடு எங்கள் மாடிவீட்டுக் காக்கிமா உட்கார்ந்திருந்தார். அண்டை வீட்டுப் பெரியவரை இங்கே சித்தி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவோம். தமிழில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பது மாதிரி. பெங்காலியில் வாயைத் திறந்தால் தெருவுக்கே சொன்னதுபோல. சுதேஷ்ணாதி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"நா" என்றேன். இல்லை.

மகேஸ்வரி சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். காங்கயத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம். பெங்காலியில் அவளுக்குப் பத்து வார்த்தை தெரிந்திருந்தால் அதிகம். அந்தப் பத்தில் இதுவும் ஒன்று.

"இவ்வளவு நேரம் பேசினாரே?" என்று சுதேஷ்ணாதி கேட்டார்.

"ஊர் ஞாபகம். அதைச் சொல்கிறாள்" என்றேன். அவர் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்து, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா துரைசாமியோடு காங்கயம் பக்கத்திலிருந்து இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தது பன்னிரண்டு குடும்பம். தெருவில் விளையாடிப் பெங்காலி கற்றவன் நான் ஒருவன் என்பதால், மூன்றாம் வகுப்பிலிருந்தே அத்தனை வீட்டுக்கும் நான்தான் வாய். ஆஸ்பத்திரி, ரேஷன் ஆபீஸ், கரண்ட் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் ராகுலைக் கூப்பிடு என்பார்கள். என் கெட்டிக்காரத்தனம் மொழியில் இல்லை. பூசி மெழுகுவதில் இருந்தது. எங்கள் அம்மா சௌந்தரம் காய்கறிக்காரரைப் பார்த்து, நீயெல்லாம் உருப்படுவாயா என்பாள். அம்மா கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்கிறாள் என்பேன் நான். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு பச்சை மிளகாய் கூடப் போடுவார். இரண்டு பக்கமும் சந்தோஷம். ராகுல் பேசினால் காரியம் நடக்கும் என்று பெயர் வாங்கினேன். யார் என்ன சொன்னாலும் கூரான பக்கத்தை உடைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் கொடுப்பது என்று பழகிப் போய்விட்டது. அன்று காலையிலும் அதைத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அன்று நான் உடைத்தது அவளுடைய பேச்சை.

வெளியே வந்ததும், "அதெல்லாம் அங்க சொல்லக் கூடாது மகேசு. எழுதி வச்சுக்குவாங்க. காக்கிமா வேற இருந்தாங்க" என்றேன்.

"நாஞ் சொன்னத நீங்க சொல்லலீங்க."

"சொன்னேன். வேற மாதிரிச் சொன்னேன்."

"ஒரே ஒரு எழுத்துத்தானுங்க சொன்னீங்க."

எங்கள் வீட்டுக்கும் மையத்துக்கும் நடுவில்தான் ரயில் லைன். தாண்டும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டேன் என்றால் அவள் சொன்னது எனக்குப் புரிந்திருந்தது என்றுதானே அர்த்தம். புரியாமல் போயிருந்தால் மன்னிப்பு உண்டு. நான் புரிந்துகொண்டு, அவளை வீட்டில் விட்டு, அம்மாவிடம் "பாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனேன். அம்மா நல்லவள். தாயில்லாத பெண் என்று பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொண்டு, பூண்டும் மிளகுமாகப் பத்தியம் பார்த்தவள். மருமகள் முகம் வாடினால் கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போடுவாள். "பாத்துக்க" என்றால் சாப்பிட்டாளா என்று பார்ப்பாள். வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

பாலிகஞ்சில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் எனக்கு வேலை. ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன். தீபாவளிக்கு ஊருக்குக் கூட்டிப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே ஒரு பைலைத் திறந்து வைத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"மகேசு அங்க வந்தாளா?"

"இங்க எதுக்கும்மா வர்றா?"

"பாப்பாளுக்குப் பால் குடுத்துத் தொட்டல்ல போட்டுட்டு, அத்தை, பாத்துக்கோங்கன்னா. கடைக்குப் போறான்னு இருந்துட்டேன். ஒரு மணி நேரமாச்சுடா. போன இங்கயே வெச்சுட்டுப் போயிட்டா."

"வேற எதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணுஞ் சொல்லல. எங் கையப் புடிச்சுட்டுச் சித்தெ நேரம் நின்னா."

எழுந்தபோது நாற்காலி கீழே விழுந்தது. எடுத்து வைக்கவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன். பூஜைக்குப் பந்தல் போட நடைபாதை முழுக்க மூங்கில் அடுக்கியிருந்தார்கள். ஒன்றில் இடித்து முழங்காலில் தோல் பெயர்ந்தது. லோக்கல் உடனே கிடைத்தது. கிடைத்து என்ன, பாதி வழியில் நின்றுவிட்டது. டாக்குரியா பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்றவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, யாராவது விழுந்திருப்பார்கள், இன்னும் அரை மணி ஆகும் என்றார். இன்னொருவர் சலித்துக்கொண்டார். இந்தப் பாஷை எனக்குத் தெரியாமலே போயிருக்கக் கூடாதா என்று அப்போது முதல் தடவையாக நினைத்தேன்.

கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்கப் பார்த்தேன். இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்களைத் திட்டினேன். தமிழில் திட்டினேன் என்பது பிறகுதான் உறைத்தது. காலையில் அவள் சொன்ன நாலு வாக்கியமும் வரிசை மாறாமல் காதுக்குள் ஓடின. பாப்பா கையில் இருந்ததால் வந்துவிட்டேன் என்றாள். இப்போது பாப்பா தொட்டிலில் இருக்கிறது. அந்தக் கணக்கை என்னால் அதற்கு மேல் போட முடியவில்லை.

நாலு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, ரயில் நகர்ந்தது. சிக்னல்தான் போலிருக்கிறது. பிளாட்பாரம் வழக்கம்போல இருந்தது. கூட்டம் இல்லை, போலீஸ் இல்லை. லைன் ஓரம் கொய்யா விற்கிற அம்மாளிடம் கடுகு நிறச் சேலையில் ஒல்லியாக ஒரு பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பார்த்தேன். இங்கேயேதான் ரொம்ப நேரம் நின்றாள். இரண்டு வண்டி போயிற்று. நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அப்புறம் அந்தப் பக்கம் போனாள்" என்று கத்தியால் மையம் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் அவளுக்கு யாரைத் தெரியும்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"நான் சுதேஷ்ணா பேசுகிறேன். உங்கள் மனைவி என்னோடு இருக்கிறார். பத்திரமாக இருக்கிறார். வாருங்கள்."

அங்கேயே லைன் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். கொய்யாக்கார அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அம்மாவுக்குப் போன் செய்து, கிடைத்துவிட்டாள் என்று சொன்னேன்.

மையத்தில் வெளிக்கதவைப் பாதி சாத்தியிருந்தார்கள். ஒரு பெண் பினாயில் தண்ணீரில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்திலேயே மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். மகேஸ்வரி காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தாள். பால் கட்டிக்கொண்டு, முந்தானைக்கு மேலேயே ஈரம் தெரிந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

சுதேஷ்ணாதி அந்தத் தாளை மேஜையில் வைத்தார். கடைசிக் கட்டத்தில், டிக் இருந்த இடத்தில், தாள் கிழிந்து ஓட்டையாகியிருந்தது.

"வந்தார். பேசவில்லை. தாள்கட்டை இழுத்து இதைத் தேடி எடுத்தார். நூறு தாளில் தமிழ்க் கையெழுத்து இது ஒன்றுதானே. கடைசி வரியில் விரல் வைத்தார், அப்புறம் தன் நெஞ்சில் வைத்தார். நான் டிக்கைக் காட்டினேன். அதை நகத்தாலேயே சுரண்டினார், கிழிகிற வரைக்கும்." அவர் குரலில் கோபம் இருந்தது. "இனி இவரைத் தனியாக விடக் கூடாது. டாக்டரிடம் பேசிவிட்டேன், இன்று ஆறு மணிக்கு நானே கூட்டிப் போகிறேன். ஆனால் அதற்கு முன் என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறார். வேறு தமிழ்க்காரர் யாரையாவது கூப்பிடட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, ராகுல் என்றார்."

என் பெயரை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எங்கள் பக்கத்தில் கட்டியவள் புருஷன் பெயரைச் சொல்லுவதில்லை. இவளும் ஏனுங்க என்பதோடு சரி.

"மகேசு," என்றேன், "பாப்பா அழும். மொதல்ல வீட்டுக்குப் போயி..."

"அத்தை புட்டிப் பால் குடுப்பாங்க. உக்காருங்க." அவள் சத்தம் போடவில்லை. "நாஞ் சொல்றது அத்தனையும் சொல்லோணும். கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

உட்கார்ந்தேன். தரை துடைக்கிற பெண்ணைக் கண்ணால் காட்டினேன். மகேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாப்பாளத் தண்ணி வாக்கறப்ப என்ற கை என்னோடது மாதிரியே இல்லீங்க. வேற ஆரோ வாக்கறாங்க, நான் பாத்துட்டு நிக்கறேன்."

"அவள் என்ன சொல்கிறாள் என்றால்..." என்று ஆரம்பித்தேன்.

சுதேஷ்ணாதி கையை உயர்த்தினார். "'அவள்' என்று வேண்டாம். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே. நான் என்றால் நான்."

சொன்னேன். குழந்தையைக் குளிப்பாட்டும்போது என் கை என்னுடையதாக இல்லை. பெங்காலியில் அது இன்னும் மொட்டையாக இருந்தது. எத்தனையோ பேருக்குப் பேசிக் கொடுத்திருக்கிறேன். கூரை உடைக்காமல் கொடுத்தது இதுதான் முதல் தடவை. தரையில் துணி ஓடுகிற சத்தம் நின்றது. மகேஸ்வரி சுதேஷ்ணாதியைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் பேசிய நேரமும் நான் பேசிய நேரமும் ஒன்றுதானா என்று அளப்பதுபோல.

"ரெண்டு மாசமா இப்பிடித்தானுங்க. நான் இல்லீனா இவங்கெல்லாம் நல்லா இருப்பாங்கன்னு தோணுது. இன்னைக்கும் அங்க நின்னேன். ரெண்டு வண்டி போச்சு. ஆருகிட்டயாவது சொல்லீட்டு வந்து நிப்போம்னு இங்க வந்துட்டேன்."

அதையும் சொன்னேன். ஒவ்வொன்றாக. குரல் உடைந்தபோது சுதேஷ்ணாதி காத்திருந்தார், ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு நிறுத்தியிருப்பேன்.

"என்ற ஊட்டுக்காரர்கிட்ட மூணு வாட்டி சொன்னேன்" என்றாள் மகேஸ்வரி.

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புரியாதவர்களும். விழுங்கிவிட எனக்கு ஒரு நொடி இருந்தது; இதுவரைக்கும் அந்த ஒரு நொடியில்தான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"என் கணவரிடம் மூன்று தடவை சொன்னேன்" என்று பெங்காலியில் சொன்னேன்.

சுதேஷ்ணாதி எழுதுவதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமல், வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்: "கணவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள்."

நான் மகேஸ்வரியிடம் திரும்பினேன்.

"உங்க ஊட்டுக்காரரு என்ன சொன்னாருன்னு கேக்கறாங்க."

அவள் ஈரமான முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.